செல்லோப் பெட்டியின் வார்

ஐந்து திருடர்கள் லண்டனில் ஒரு மூதாட்டியின் வீட்டிலிருந்து விடைபெற்றுக் கிளம்புகிறார்கள். ஆளுக்கொரு இசைக்கருவிப் பெட்டி. கடைசியாகப் படியிறங்குபவன் முன்னாள் குத்துச்சண்டைக்காரன், ஆள் மலைபோல இருப்பான், மூளை மட்டும் அடி வாங்கி வாங்கி மழுங்கிவிட்டது. அவன் கையில் இருப்பது செல்லோப் பெட்டி. உள்ளே கொள்ளைப் பணம். மூதாட்டி அன்போடு வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். பெட்டியின் தோல்வார் கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மலை ஓர் இழுப்பு இழுக்கிறது. பெட்டி வாய் பிளந்து, நோட்டுகள் வாசலெங்கும் பறக்கின்றன. மூதாட்டி பார்த்துவிடுகிறார்.

1955இல் வெளிவந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்தின் அச்சாணி ஒரு முழ நீளமுள்ள அந்த வார்தான். 49 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதே பெயரில் எடுத்த படத்தில், இதே திருப்பத்துக்கு வெடிமருந்து தேவைப்பட்டது. நிலவறையில் தோண்டிய சுரங்கத்தை மூட வைத்த வெடி வேளை கெட்ட வேளையில் வெடித்து, வீட்டுக்கார அம்மாளுக்கு விஷயம் தெரிந்துபோகிறது. தோல்வாருக்கும் வெடிமருந்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

ரீமேக்குகள் சறுக்குவது புதுச் செய்தியல்ல. ஆனால் இந்த ரீமேக் எந்தக் கணக்கின்படியும் சறுக்கியிருக்கக் கூடாது. அதனால்தான் இதை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் படம்

மேற்கு லண்டனில் இருந்த ஈலிங் ஸ்டுடியோ, மைக்கேல் பால்கன் என்ற தயாரிப்பாளரின் கீழ், போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நகைச்சுவைப் படங்களுக்குப் பெயர் வாங்கியது. ஊர்க்காரர்கள் கூடி அரசாங்கத்தை ஏமாற்றுவது, வங்கிக் குமாஸ்தா தங்கத்தைக் கடத்துவது என்று சாதாரண மனிதர்கள் ஒருநாள் விதியை மீறிப் பார்க்கும் கதைகள். ‘தி லேடிகில்லர்ஸ்’ அந்த வரிசையின் கடைசிப் பெரிய படம். அது வெளிவந்த ஆண்டிலேயே ஸ்டுடியோ வளாகம் பிபிசிக்கு விற்கப்பட்டது.

கதையைத் தான் கனவில் கண்டதாகச் சொன்னார் எழுத்தாளர் வில்லியம் ரோஸ். கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகே தண்டவாளங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சாய்ந்த வீடு. போர்க்காலக் குண்டுவீச்சில் அஸ்திவாரம் இறங்கிப்போனதால் அங்கே சுவரில் எந்தப் படமும் நேராக நிற்காது. அதில் கிளிகளோடு தனியாக வாழ்பவர் திருமதி வில்பர்ஃபோர்ஸ். கணவர் கப்பல் தலைவர், சீனக் கடலில் புயலில் மாண்டவர். மாடி அறை வாடகைக்கு வருகிறார் பேராசிரியர் மார்க்கஸ். நீண்ட கழுத்துத் துணி, பெரிய பொய்ப்பற்கள், பார்த்தாலே நடுக்கம் தரும் சிரிப்பு. அலெக் கின்னஸ் அந்தப் பற்களை வைத்தே பாதிப் படத்தை நடித்துவிடுகிறார். நண்பர்கள் நால்வரோடு வாத்திய இசை பழகப் போவதாகச் சொல்லிவிட்டு, இசையமைப்பாளர் போக்கெரினியின் மினுவெட் என்ற நடன இசையைக் கிராமபோனில் சுழலவிட்டு, கதவுக்குப் பின்னால் 60,000 பவுண்ட் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள்.

வீடு படப்பிடிப்புக்கென்றே ஃபிரடெரிகா தெருவின் கோடியில் கட்டப்பட்டது. நிஜ ரயில்பாதை, நிஜப் புகை. அந்தப் புகைதான் பின்னால் பிணங்களை மறைக்கப் போகிறது.

மூதாட்டியாக நடித்தவர் கேட்டி ஜான்சன். அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டி நெடுநாளாகியிருந்தது. வாழ்நாள் முழுவதும் சின்னச் சின்ன வேடங்கள் செய்தவர், இந்தப் படத்துக்காக அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் நடிகைக்கான விருது பெற்றார். இரண்டே ஆண்டில் காலமாகிவிட்டார். கின்னஸ், பீட்டர் செல்லர்ஸ், ஹெர்பர்ட் லோம், செசில் பார்க்கர், டேனி கிரீன் என்று ஐவர் கூடி நிற்கும் சட்டகத்தில் நம் கண் போவது அந்தச் சின்ன உருவத்தின் மேல்தான்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது

பணத்தைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் ஐவரும் திரும்பி வருகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்து ஏதாவது செய்வதற்குள் வாசலில் மணி. மூதாட்டியின் தோழிகள் தேநீருக்கு வந்துவிட்டார்கள். வாத்தியக் கலைஞர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆவலாக வந்திருக்கிறார்கள். திருமதி வில்பர்ஃபோர்ஸ் திருடர்களை அதட்டவில்லை, போலீசைக் கூப்பிடவில்லை. விருந்தாளிகள் போகும்வரை ஒழுங்காக நடந்துகொள்ளும்படி மட்டும் சொல்கிறார். அவ்வளவுதான். ரயில் நிலையத்துக்கு அருகே பணவண்டியை மறித்துக் கொள்ளையடித்த ஐவரும் கையில் கோப்பையும் தட்டுமாக, கிழவிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்து, பியானோவைச் சுற்றி நின்று பழைய பாட்டுப் பாடுகிறார்கள்.

ஏன் பாடுகிறார்கள்? துப்பாக்கி அவர்களிடம்தான் இருக்கிறது. பலம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர் ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பழக்கம் அவர்கள் எலும்புக்குள் இருக்கிறது. மூதாட்டிக்கோ தன் வல்லமை இன்னதென்றே தெரியாது, கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பிரிட்டிஷ் நகைச்சுவையின் வசீகரம் என்று பலர் பலவற்றைச் சொல்வார்கள். வறண்ட பேச்சு, கிறுக்குத்தனம், தன்னைத் தானே கேலி செய்துகொள்ளுதல். எனக்கு இந்தப் படம் கற்றுத் தந்தது வேறு. அங்கே சிரிப்பு பிறப்பது விதியை உடைப்பதால் அல்ல, உடைக்க முடியாமல் தவிப்பதால். பாத்திரத்துக்கு ஒன்று வேண்டும். அதை எடுத்துக்கொள்ள வழியும் இருக்கிறது. நடுவில் ஒரு மரியாதை குறுக்கே படுத்திருக்கிறது. அதைத் தாண்ட மனம் வராமல் அவன் சுற்றிச் சுற்றி வருகிறான். நாம் சிரிக்கிறோம்.

நம் வீடுகளிலும் இதை அறிவோம். ஐம்பது வயது மாமா, பேரன் பேத்தி எடுத்தவர், கொல்லைப்புறத்தில் தன் தாயின் செருப்புச் சத்தம் கேட்டதும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. மாமாவின் தலைக்கு மேலே புகை எழுந்துகொண்டிருந்தது.

இந்த மரியாதைதான் கொலையையும் நடத்துகிறது என்பது படத்தின் கறுப்பு மை. மூதாட்டியைக் கொன்றே ஆகவேண்டும் என்று முடிவாகிறது. தீக்குச்சி போட்டுப் பார்க்கிறார்கள். ஐவரில் மேஜர் என்று அழைக்கப்படுபவருக்கு விழுகிறது. அவரால் முடியாது, பணத்தைத் தூக்கிக்கொண்டு கூரைவழியே தப்பப் பார்த்து விழுந்து சாகிறார். அடுத்தவன் முயல்கிறான், அவனும் சாகிறான். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் முடித்துக்கொள்கிறார்கள். பிணங்கள் ஒவ்வொன்றாகச் சுரங்கவாய்க்கு மேலிருந்து சரக்கு ரயிலின் திறந்த பெட்டிக்குள் விழுகின்றன. மூதாட்டி பெரும்பாலும் நாற்காலியில் அயர்ந்து உறங்குகிறார். கடைசியில் மிஞ்சும் பேராசிரியரை ரயில்வே கைகாட்டி மரம் தலையில் தட்டி அனுப்பிவைக்கிறது.

இயக்குநர் அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக் இதைப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தைப் பற்றிய கேலிக்கதையாகவே பார்த்தார். சாய்ந்த வீடு, காலாவதியான நாகரிகம், அதைச் சுரண்ட வரும் புதிய ஆட்கள். ஆனாலும் வீடு விழவில்லை. இந்த வாசிப்பைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் சரி, தெரியாமல் பார்த்தாலும் சரி, படம் ஓடுகிறது.

மிசிசிப்பியில் நடந்தது

2004இல் இதை மறுபடி எடுத்தவர்கள் ஜோயல், ஈதன் கோயன் சகோதரர்கள். அதற்குமுன் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே செய்தாலும் இயக்குநர் என்று ஜோயலின் பெயர் மட்டும் வரும். இருவர் பெயரும் இயக்குநர்களாகச் சேர்ந்து வந்த முதல் படம் இதுதான். ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். தேவாலயப் பாடல்களைத் தேர்ந்து கோத்தவர் டி போன் பர்னெட். பேராசிரியராக டாம் ஹாங்க்ஸ். குற்றமும் நகைச்சுவையும் கலந்த கதைகளில் அன்று அமெரிக்காவில் அவர்களை விஞ்ச ஆளில்லை. ஆகவே திறமைக் குறைவு என்று வழக்கை முடித்துவிட முடியாது.

அவர்கள் சோம்பேறித்தனமாக நகலெடுக்கவும் இல்லை. கதையைத் தூக்கிக்கொண்டுபோய் மிசிசிப்பி மாநிலத்தில் வைத்தார்கள். ரயில் போய் ஆற்றில் மிதக்கும் சூதாட்ட விடுதி வந்தது. சரக்கு ரயில் போய், பாலத்தடியில் ஊர்ந்து செல்லும் குப்பைப் படகு வந்தது. வெள்ளைக்காரக் கப்பல் தலைவரின் விதவைக்குப் பதில் மார்வா மன்சன் என்ற கறுப்பினக் கைம்பெண், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் பக்தை. இது நல்ல தேர்வு என்றே சொல்வேன். அமெரிக்கத் தெற்கில் தேநீர் மரியாதைக்கு ஈடாக எது இருக்கிறது என்று தேடினால் தேவாலயத்து அம்மாளின் முன்னால் எழுந்து நிற்கும் பழக்கம்தான் கிடைக்கும். சரியான சாவியைத்தான் எடுத்தார்கள்.

மார்வாவாக நடித்த இர்மா பி. ஹாலுக்கு அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

பிறகு எங்கே பிசகியது? திருடர்களைப் பாருங்கள். சூதாட்ட விடுதியில் துப்புரவு வேலை பார்க்கும் இளைஞன் வாய் திறந்தாலே வசை. வெடிமருந்து நிபுணனுக்கு வயிற்றுக் கோளாறு, அவசரத்துக்குக் கழிப்பறை தேடி ஓடுவதுதான் அவன் நகைச்சுவை. இருவரும் கத்திக் கட்டிப் புரள்கிறார்கள். அமெரிக்கத் தணிக்கை படத்துக்கு, பெரியவர் துணையின்றிச் சிறுவர் பார்க்கக் கூடாது என்னும் ‘ஆர்’ சான்று கொடுத்ததற்கு முக்கியக் காரணமே வசைமொழி. வசை எனக்கு ஆகாது என்பதல்ல. இவர்களுக்குக் கூச்சமே கிடையாது என்பதுதான் சிக்கல். கூச்சமில்லாதவனைத் தேநீர்க் கோப்பையால் கட்டிப்போட முடியாது. மார்வாவுக்கு முன்னாலும் அவன் வாய் அடங்குவதில்லை, அதனால் அவர் அறைய வேண்டியிருக்கிறது. திருமதி வில்பர்ஃபோர்ஸ் படம் முழுவதும் ஒருவரையும் தொட்டதில்லை.

ஹாங்க்ஸின் பேராசிரியரும் இன்னொரு விதத்தில் அதே தவற்றைச் செய்கிறார். எட்கர் ஆலன் போவின் கவிதைகளை ஒப்பிக்கும், பட்டு நூலாகப் பேசும் தென்னாட்டுக் கனவான். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆறு சொல் அதிகம். தனியே எடுத்துப் பார்த்தால் ரசிக்கத்தக்க நடிப்புத்தான். ஆனால் கின்னஸின் மார்க்கஸ் நாகரிகமானவராக இருக்கப் பாடுபடுகிறார், அவ்வப்போது முகமூடி நழுவுகிறது, அந்த நழுவலில் நமக்குக் குலை நடுங்குகிறது. ஹாங்க்ஸின் பாத்திரத்துக்கு நழுவ ஒன்றுமில்லை. அலங்காரமே ஆள். மார்வாவை ஏமாற்றும்போதும் கூட்டாளிகளோடு பேசும்போதும் ஒரே குரல்.

ஒரே ஓர் இடத்தில் ரீமேக் மூலத்தைத் தொட்டுவிடுகிறது. குழுவில் ஜெனரல் என்று ஒருவர், அதிகம் பேசாதவர், எப்போதும் உதட்டில் சிகரெட். மார்வா வீட்டில் புகைபிடிக்கக் கூடாது. அந்த அம்மாள் வரும் ஓசை கேட்டதும் எரியும் சிகரெட்டை நாக்கால் சுருட்டி வாய்க்குள்ளே மறைத்துக்கொள்கிறார். முகத்தில் சலனமில்லை. அவர் போனதும் சிகரெட் வெளியே வருகிறது, இன்னும் எரிந்துகொண்டு. பிற்பாடு இரவில் மார்வாவைக் கொல்ல ஜெனரல் படுக்கையருகே குனியும்போது சுவர்க் கடிகாரம் கத்துகிறது, பதறிப்போய்ச் சிகரெட்டை விழுங்குகிறார், தண்ணீருக்குத் தவித்து எடுத்த கண்ணாடிக் குவளையில் மார்வாவின் பல்செட், ஓடும்போது காலில் பூனை, மாடிப்படி, முடிந்தது கதை.

இந்தக் காட்சியை முதன்முறை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். கொல்லைப்புறத்து மாமா நினைவுக்கு வந்தார் என்பதும் ஒரு காரணம். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வசை இல்லை, ஒரு வார்த்தையே இல்லை. கொலைகாரனும் மதிக்கும் ஒரு வீட்டு விதி இருக்கிறது, அந்த விதியே அவனைக் கொல்கிறது. 1955இன் இயந்திரம் அப்படியே. மற்ற நால்வருக்கும் இப்படி ஒரு சிகரெட்டைக் கொடுத்திருந்தால் போதும்.

‘அமெரிக்கர்களுக்கு வராது’

ரீமேக் தோற்றதும் எளிதாகக் கிடைக்கும் விளக்கம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் நகைச்சுவை பிரிட்டிஷ் இரத்தத்தில் ஊறியது, அமெரிக்கர்களுக்குக் கைவராது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். இந்த வழக்கில் அது நிற்காது.

கனவு கண்ட வில்லியம் ரோஸ் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். மெக்கெண்ட்ரிக் பிறந்தது பாஸ்டனில், வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லரும் வில்லன்களில் ஒருவராக வந்த ஹெர்பர்ட் லோமும் பிராகாவில் பிறந்தவர்கள். இங்கிலாந்தின் இங்கிதத்தை இதைவிடக் கூர்மையாகப் பிடித்த படம் அரிது, அதைப் பிடித்தவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரனுக்குத் தேநீர் வெறும் தேநீர். வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் அது எப்படிப்பட்ட விலங்கு என்று தெரிகிறது.

தொலைக்காட்சியில் இதற்கு இரண்டு சாட்சிகள். முதலாவது ‘ஃபால்டி டவர்ஸ்’. 1975இலும் 1979இலும் ஆறு ஆறாக மொத்தம் 12 பகுதிகள் மட்டுமே வந்த தொடர். ஜான் கிளீஸ் நடித்த பேசில் ஃபால்டி ஒரு விடுதி முதலாளி. விருந்தினரிடம் பணிவாக இருந்தாக வேண்டிய தொழில், மனிதர்களைக் கண்டாலே எரிச்சல்படும் குணம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் கொதிக்கிறார். அமெரிக்கர்கள் அதை மூன்று முறை எடுத்துப் பார்த்தார்கள். 1983இல் வந்த இரண்டாவது முயற்சியான ‘அமாண்டாஸ்’ தொடரில் பேசிலே கிடையாது, விடுதி நடத்துபவர் ஒரு பெண்மணி. அவர்கள் செய்த ஒரே மாற்றம் பேசிலை நீக்கியதுதான் என்று கிளீஸ் பின்னாளில் பல மேடைகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். கொதிகலனைக் கழற்றிவிட்டு ரயில் ஓட்டிப் பார்த்தார்கள். சில மாதங்களில் நின்றுபோனது.

இரண்டாவது சாட்சி எதிர்த்தரப்புக்கு. 2001இல் பிபிசியில் தொடங்கிய ‘தி ஆபிஸ்’ இரண்டு பருவங்களும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும் மட்டுமே. 2005இல் அமெரிக்கர்கள் எடுத்தபோது முதல் பகுதி ஏறக்குறைய மூலத்தின் வசனங்களையே திருப்பிச் சொன்னது, சகிக்கவில்லை. பிறகு அவர்கள் நகலெடுப்பதை விட்டார்கள். ஆங்கில அலுவலகத்தின் இறுக்கத்துக்குப் பதிலாக, எல்லாரையும் குடும்பமென்று அழைத்துத்தான் ஆகவேண்டும் என்ற அமெரிக்க அலுவலகத்தின் கட்டாயச் சிரித்தமுகத்தைப் பிடித்தார்கள். அதுவும் ஒரு விதிதான், அதற்குள்ளும் ஆட்கள் தவிக்கிறார்கள். தொடர் 2013 வரை 201 பகுதிகள் ஓடியது. மிசிசிப்பியில் கோயன் சகோதரர்கள் எடுத்த சாவியும் இதே இனம். அவர்கள் பூட்டில் போட்டார்கள், திருகவில்லை.

பிரிட்டிஷ்காரர்களே தங்கள் படத்தைத் திரும்பச் செய்யப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சம். ஈலிங்கில் வங்கிக் குமாஸ்தா தங்கம் கடத்தும் கதையை 1951இல் இயக்கிய சார்லஸ் கிரைட்டன், எழுபத்தேழு வயதில் கிளீஸோடு சேர்ந்து ‘எ ஃபிஷ் கால்டு வாண்டா’ எடுத்தார். 1988இல் வந்தது. தன் சொந்தக் கூச்சத்துக்குள் மூச்சுமுட்டும் ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருபுறம், எதற்கும் கூசாத அமெரிக்கத் திருடன் மறுபுறம். அந்தத் திருடனாக நடித்த கெவின் கிளைனுக்கு ஆஸ்கர். அதே நான்கு முதன்மை நடிகர்கள் 1997இல் ‘ஃபியர்ஸ் கிரீச்சர்ஸ்’ படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். நேரான இரண்டாம் பாகமல்ல, வேறு கதை, வேறு பாத்திரங்கள். ஆனால் எல்லாரும் அதை இரண்டாம் பாகமாகவே எதிர்பார்த்துப் போனார்கள். முன்னோட்டக் காட்சியில் முடிவு எடுபடாமல், வேறொரு இயக்குநரை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். ஒரு மிருகக்காட்சிசாலை, நிறைய ஓட்டம், நிறைய விலங்குகள். பரவாயில்லை ரகம். முதல் படத்தின் வழக்கறிஞருக்கு இழக்க ஒரு கௌரவம் இருந்தது.

‘லேடிகில்லர்ஸ்’ கதைக்கு மறுபடி உயிர் வந்தது மேடையில். 2011இல் கிரகாம் லினஹன் நாடகமாக எழுத, லிவர்பூலில் அரங்கேறி லண்டனின் கீல்குட் அரங்குக்கு வந்தது. பேராசிரியராக பீட்டர் கபால்டி. களம் 1950களின் லண்டன்தான், மூதாட்டியும் தேநீரும் கிளியும் அப்படியே. மாற்றியவை வேறு, இங்கிதத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

பணம் என்ன ஆயிற்று

இரண்டு படங்களின் முடிவும் ஒன்றுதான். திருடர்கள் எல்லாரும் செத்தாயிற்று, பணம் மூதாட்டியிடம் இருக்கிறது, காவல் நிலையத்தில் சொன்னால் நம்ப ஆளில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

லண்டனில் திருமதி வில்பர்ஃபோர்ஸ் குடையைக் காவல் நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகிறார். இனி எத்தனை குடை வேண்டுமானாலும் வாங்கலாமே. நடைபாதையில் சாக்கட்டியால் சர்ச்சிலை வரைந்துகொண்டிருக்கும் ஓவியனின் தொப்பியில் ஒரு நோட்டைப் போட்டுவிட்டு நடக்கிறார். அவன் பார்த்துவிட்டுக் கூப்பிடக் கூப்பிட அவர் திரும்பவில்லை.

மிசிசிப்பியில் மார்வா பணத்தை பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்கிறார். படத்தின் தொடக்கத்திலிருந்தே அந்த விவிலியப் பள்ளிக்கு மாதம் ஐந்து டாலர் அனுப்பிக்கொண்டிருப்பவர். தென் கரோலினாவில் உள்ள அந்தப் பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதில்லை. வெவ்வேறு இனத்து மாணவரும் மாணவியும் பழகக் கூடாதென்ற தடையை 2000இல்தான் நீக்கியது. கறுப்பின மூதாட்டி கொள்ளைப் பணம் முழுவதையும் அங்கே அனுப்புகிறார், மனநிறைவோடு. படம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை, யாரும் கண்ணடிப்பதில்லை, தெரிந்தவர் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. அசல் ஈலிங் பாணி. கத்தியவர்கள் எல்லாரும் குப்பைப் படகில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.